உப்பளத்துக்குச் சோலார் பம்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தூத்துக்குடி பக்கம் சிறிய உப்பளம் நடத்துகிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து, பாத்திகளில் சேறு படிந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. சீசன் நடுவில் சின்ன மழை பெய்தாலே பாத்தியில் அடர்ந்து வந்த நீர் நீர்த்துப்போகிறது, மறுபடி முதலிலிருந்து வெயிலில் காயவிட வேண்டும். நீர் இறைக்கும் பம்புக்கு டீசல் செலவு வேறு.

குஜராத்தின் கட்ச் பக்கம் சின்ன ரண் என்ற உவர்நிலப் பகுதி உப்பளங்களில் பலர் சோலார் பம்புக்கு மாறியிருக்கிறார்கள். நம் பக்கம் யாராவது போட்டிருக்கிறீர்களா? உப்புக்காற்றில் பேனல் தாங்கும் சட்டமும் பம்பும் எத்தனை வருடம் தாங்குகின்றன? மானியம் கிடைத்ததா? அப்புறம், உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போதுமா, மேடை கட்டிக் கூரை போடுவதா? எங்களை நம்பியிருக்கும் தொழிலாளர்களுக்கு அடுத்த சீசனிலும் வேலை இருக்க வேண்டும். விவரம் தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.