விபத்துப் பிரிவு தாதியர் ஆய்வுக்கு நிதி: வழி தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம். கொழும்பில் விபத்துப் பிரிவுத் தாதி நான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸிலிருந்து நோயாளியை எங்களிடம் ஒப்படைக்கும்போது என்னென்ன தகவல் விடுபடுகிறது என்று ஆராய விருப்பம். தலையில் அடிபட்டவர் எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்று காட்டும் கிளாஸ்கோ அளவு 3 முதல் 15 வரை. வழியில் 14 இருந்தது வாட்டில் 11 என்றால், நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். அந்த முதல் எண்ணை யாரும் சொல்லாவிட்டால் 11 மட்டும்தான் கண்ணில் படும்.

நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம் தயார். காசுதான் இல்லை. தரவு சேகரிக்க ஒரு ஆள், புள்ளிவிபர ஆலோசனை, தமிழ், சிங்களப் படிவங்கள், அவ்வளவுதான்.

சர்வதேச தாதியர் அமைப்பான சிக்மாவின் ஆய்வு நிதிக்கு இங்கிருந்து யாராவது விண்ணப்பித்ததுண்டா? டொக்டர் பெயர் முன்னால் இல்லாமல், தாதியே முதன்மை ஆய்வாளராக? (கேட்கக் கொஞ்சம் கூச்சம்தான்.) நிதி கிடைத்த விண்ணப்பத்தின் பட்ஜெட் பக்கத்தை மட்டும் காட்டினாலும் போதும்.