டைம்கோடைப் படத்திலேயே பர்ன் பண்ணணுமா, சாஃப்ட்வேர் ஓவர்லே போதுமா?

தண்டையார்பேட்டை சவுண்டு

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த 40 நிமிடக் குறும்படம் ஒன்று சவுண்டு வேலைக்கு வருகிறது. செகண்டுக்கு 24 ஃபிரேம். டப்பிங், எஃபெக்ட்ஸ், ஃபோலி (காலடி மாதிரிச் சத்தங்களைப் படம் பார்த்துச் செய்து பதிவது) எல்லாம் எங்கள் சின்ன ரூமில், ரீப்பர் என்கிற சவுண்டு சாஃப்ட்வேரில். கடைசி மிக்ஸ் மட்டும் சாலிகிராமத்தில். எடிட்டர் டாவின்சி ரிசால்வில் வெட்டுகிறார். டைம்கோடை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள மணி:நிமிடம்:செகண்டு:ஃபிரேம் எண்ணை, படத்திலேயே அழியாமல் பர்ன் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டேன். "சுத்தமான படம் தர்றேன், உங்க சாஃப்ட்வேர்லயே ஓவர்லே போட்டுக்கோங்க" என்கிறார், அதாவது ஓடும்போது படத்தின் மேல் சாஃப்ட்வேரே எண்ணைக் காட்டட்டும் என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. எது சரி, ஏன் சரி என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

பெரம்பூர் எடிட்டர்

உங்கள் எடிட்டர் சொல்வதுதான் சரி. பர்ன் பண்ணின எண்ணை அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. கலர் பார்த்து முடித்த ஷாட்டின் மேல் கொட்டை எழுத்தில் எண் ஓடினால் இயக்குநரின் கண் அங்கேதான் போகும். ரீப்பரில் வீடியோ பிராசசரைத் திறந்து டெக்ஸ்ட், டைம்கோடு ஓவர்லே ப்ரீசெட்டைப் போடுங்கள், வந்துவிடும். எழுத்தின் அளவு, இடம் எல்லாம் உங்கள் இஷ்டம். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். ப்ராஜெக்ட் செட்டிங்கில் ஃபிரேம் ரேட் 24, தொடக்கம் 01:00:00:00 என்று வைத்தால் எடிட்டர் டைம்லைனில் ஓடும் அதே எண்தான் உங்களுக்கும். டேப் காலத்து வழக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ராயபுரம் மிக்ஸர்

தம்பி, இது வழக்கம் சார்ந்த விஷயம் இல்லை. ஓவர்லே காட்டுவது, சாஃப்ட்வேர் தன் டைம்லைனில் எங்கே நிற்கிறது என்பதை. பர்ன் பண்ணின எண் காட்டுவது, திரையில் இந்த நொடி எந்த ஃபிரேம் இருக்கிறது என்பதை. இரண்டும் ஒத்துப்போகும் வரை எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். ஒத்துப்போகாத அன்று ஓவர்லே வாயைத் திறக்காது. படத்தை இரண்டு செகண்டு தள்ளி வைத்திருந்தாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும்.

மீன் வெட்டுகிற காட்சி ஒன்று இருக்கும் இல்லையா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி பலகையில் படும் இடம் எடிட்டரின் குறிப்பில் 01:12:07:14. நீங்கள் அந்த எண்ணுக்குப் போய் நிற்கிறீர்கள். திரையில் கத்தி பலகையில் பட்டு, மேலே எழும்பவும் தொடங்கிவிட்டது. ஓவர்லே 14 என்றுதான் காட்டும். தப்பு குறிப்பிலா, செஷனிலா (உங்கள் சாஃப்ட்வேர் ப்ராஜெக்டிலா), வீடியோ ஓடும் விதத்திலா? அதை வைத்துச் சொல்ல முடியாது. படத்துக்குள் 16 என்று பர்ன் ஆகியிருந்தால், படம் 2 ஃபிரேம் முந்தி நிற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தெரியாமல் கண்ணுக்குப் பட்ட இடத்தில் சத்தத்தை வைத்தீர்கள் என்றால், மிக்ஸில் சத்தம் 83 மில்லிசெகண்டு முன்னால் வந்து விழும். சத்தம் படத்தை 45 மில்லிசெகண்டு முந்தினாலே மனிதர்களுக்குத் தெரியத் தொடங்கும் என்பது ஒளிபரப்புக்காக ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் உள்ள கணக்கு. பிந்தினால் 125 வரை தெரிவதில்லை, முந்தினால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

பெரம்பூர் எடிட்டர்

அண்ணே, அதற்குத்தானே டூ-பாப் இருக்கிறது. படம் 01:00:00:00ல் தொடங்கினால் அதற்கு 2 நொடி முன்னால், 00:59:58:00ல், ஒரே ஒரு ஃபிரேமுக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப். வாலிலும் அதே மாதிரி ஒன்று. தலையும் வாலும் பொருந்தினால் நடுவில் இருப்பது எங்கே போகும்? பீப்பின் அலையை ஃபிரேமோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் 2 ஃபிரேம் சமாச்சாரம் வேலை தொடங்கும் முன்பே பிடிபட்டுவிடும். கூடவே, குவிக்டைம் வீடியோ ஃபைலுக்குள் டைம்கோடு தனி டிராக்காகவே உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்து உரிய இடத்தில் வைக்க சாஃப்ட்வேருக்குத் தெரியும்.

ராயபுரம் மிக்ஸர்

டூ-பாப் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் அது இரண்டு முனைக்கு மட்டும்தான் சாட்சி. நம் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களில் நடப்பதைப் பாருங்கள். படம் வாட்ஸ்அப்பில் வீடியோவாக வரும். அனுப்பும்போதே அது மறுபடி சுருக்கப்படும், நீங்கள் சொன்ன அந்தத் தனி டைம்கோடு டிராக்கை அதில் நம்பி உட்கார முடியாது. பிக்சலில் எழுதிய எண் மட்டும் எத்தனை கை மாறினாலும் படத்தோடேயே வரும். அப்புறம், ஹெச்.264 முறையில் சுருக்கிய ஃபைலைப் பழைய லேப்டாப்பில் ஓட்டினால் பெரும்பாலான ஃபிரேம்கள் பக்கத்து ஃபிரேம்களைப் பார்த்துத்தான் உருவாக வேண்டும். மெஷின் திணறும்போது படம் நின்று நின்று தாவும், ஓவர்லே எண் மட்டும் சீராக ஓடும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்டி மாதிரி ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறையில்) கேட்டு வாங்குங்கள் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, கடைசி இரண்டு இலக்கத்தைக் கவனியுங்கள். பர்ன் ஆன எண் 23க்கு அடுத்து 00 போகிறது, உங்கள் செஷனில் 24 என்று ஒன்று வந்துவிட்டுப் போகிறது என்றால் செஷன் 25ல் இருக்கிறது. எந்த மெனுவையும் திறக்காமலே ஒரு செகண்டில் பிடித்துவிடலாம்.

வியாசர்பாடி டப்பிங்

நீங்கள் எல்லாரும் மிக்ஸர் நாற்காலியில் இருந்து பேசுகிறீர்கள். மைக் முன்னால் நிற்பவரை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? இந்த மாதிரிப் படங்களில் நடிப்பவர்கள் நம் ஏரியா ஆட்கள். வலை பின்னுகிற அக்காதான் தன் குரலைத் தானே கொடுக்கப்போகிறார். க்ளோசப்பில் முகவாய் வரை படம் நிறைந்திருக்கிறது, சரியாக உதட்டுக்கு மேல் எட்டு இலக்கம் ஓடுகிறது. கடைசி இரண்டு இலக்கம் செகண்டுக்கு 24 தடவை மாறும்போது கண் தானாக அங்கே போகும். 'ப', 'ம' வரும் இடத்தில் உதடு மூடுவதைப் பார்த்துத்தான் சொல்லைத் தொடங்க முடியும். அந்த மூடுதலை எண் மறைத்துவிட்டால் டேக் மேல் டேக் போகும், அவருக்கும் நம்பிக்கை போய்விடும். பழகின டப்பிங் கலைஞர் சமாளித்துக்கொள்வார், இவரால் எப்படி முடியும்? என் ஓட்டு ஓவர்லேவுக்கு. ரெக்கார்டிங் அறைத் திரைக்கு எண் போகவே கூடாது, இன்ஜினியர் பக்கம் இருந்தால் போதும்.

ராயபுரம் மிக்ஸர்

நியாயமான பேச்சு. ஆனால் இது எண்ணை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. படத்தில் எண்ணை எழுதும் ரிசால்வின் டேட்டா பர்ன்-இன் வசதியில் எழுத்தின் அளவு, இடம், பின்னணி எல்லாம் மாற்றலாம். 2.39 விகிதப் படத்தை 1920க்கு 1080 ஃபைலில் வைத்தால் மேலேயும் கீழேயும் சுமார் 138 பிக்சல் கறுப்புப் பட்டை மிஞ்சும். எண்ணை மேல் பட்டையில் போட்டால் ஒருவர் முகத்தையும் தொடாது.

தண்டையார்பேட்டை சவுண்டு

எங்கள் படம் 16க்கு 9, பட்டையே கிடையாது அண்ணே.

ராயபுரம் மிக்ஸர்

அப்போது சவுண்டு காப்பியில் மட்டும் படத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்கள், மேலே இடம் கிடைக்கும். அது வேலைக்கான காப்பிதானே.

எண்ணூர் ஃபோலி

எந்த எண் என்பதை ஏன் யாரும் கேட்கவில்லை? டேட்டா பர்ன்-இன்னில் ரெக்கார்டு டைம்கோடு, சோர்ஸ் டைம்கோடு என்று இரண்டு உண்டு. ரெக்கார்டு என்பது எடிட்டர் டைம்லைனின் எண். சோர்ஸ் என்பது அந்த ஷாட் கேமராவில் பதிவானபோது இருந்த எண். ஓவர்லேவால் முதலாவதை மட்டும்தான் போலச் செய்ய முடியும். இரண்டாவது, எடிட்டர் எழுதிக் கொடுத்தால் ஒழிய சவுண்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது.

காசிமேடு மாதிரி இடத்தில் இதன் அருமை தெரியும். விடியற்காலை ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம், விசைப்படகு இன்ஜின் எல்லாம் லொக்கேஷன் ரெக்கார்டரில் தனியாக இருக்கும். கேமராவும் ரெக்கார்டரும் ஒரே டைம்கோடில் ஓடியிருந்தால், திரையில் தெரியும் சோர்ஸ் எண்ணை வைத்து அதே நேரத்தில் பதிவான வேவ் ஆடியோ ஃபைலைக் கையோடு எடுத்துவிடலாம். எடிட்டர் கேமரா மைக்கில் வந்த சத்தத்தை மட்டும் வைத்து அனுப்பியிருப்பார், நல்ல சத்தம் ரெக்கார்டரில் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒரு மூலையில் ரெக்கார்டு, இன்னொரு மூலையில் சோர்ஸ், இரண்டையும் கேளுங்கள்.

பெரம்பூர் எடிட்டர்

சோர்ஸ் எண் விஷயத்தில் ஃபோலிக்காரர் சொல்வதை ஏற்கிறேன், அது எடிட்டர் தந்தால்தான் கிடைக்கும். ஆனால் பர்ன் எல்லாப் பிழையையும் காட்டும் என்கிற பேச்சை ஏற்க முடியாது. சுவரில் மாட்டிய டிவிக்கு ஹெச்டிஎம்ஐ வழியாகப் படம் போனால் டிவி தன் பங்குக்கு அதை மெருகேற்றிவிட்டுத் தாமதமாகக் காட்டும். படமும் அதற்குள் இருக்கும் எண்ணும் சேர்ந்தேதான் தாமதிக்கும். உங்கள் பர்ன் அங்கே ஒன்றும் சொல்லாது. டிவியை கேம் மோடில் வைத்து, டூ-பாப்பையும் அதே ஃபிரேமில் திரையில் வரும் வெளிச்சப் பளிச்சையும் ஒப்பிட்டு, சாஃப்ட்வேரில் வீடியோ ஆஃப்செட் (படத்தை முன்பின் தள்ளும் அளவு) கொடுத்தால்தான் சரியாகும்.

ராயபுரம் மிக்ஸர்

டிவி எண்ணும் லேப்டாப் கவுண்டரும் சேர்ந்து தெரிகிற மாதிரி, ஓடும்போதே போனில் போட்டோ எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். ஒன்றிரண்டு ஃபிரேம் முன்பின் இருக்கும், நாலைந்து போட்டோ எடுத்தால் அளவு தெரிந்துவிடும். டிவியில் எண் இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

24, 23.976 ஃபிரேம் ரேட் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பல கேமராக்களில் 24 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 23.976தான். இரண்டிலும் எண் 23 வரைதான் போகும் என்பதால் மேலே சொன்ன இலக்கச் சோதனை இதில் உதவாது. ஆனால் 24ல் இருக்கும் செஷன் 01:40:00:00 காட்டும்போது பர்ன் ஆன எண் 01:39:57:14 பக்கம் நிற்கும். 40 நிமிடத்தில் 2.4 நொடி. உங்கள் ரூமில் படமும் சத்தமும் ஒட்டித்தான் ஓடும், சந்தேகமே வராது. சாலிகிராமத்தில் 24ல் தயாரித்த படத்தை ஏற்றியதும் போகப் போக விலகும்.

பெரம்பூர் எடிட்டர்

வால் பாப்பை அதன் எண்ணோடு ஒப்பிட்டாலும் இதே 2.4 நொடி தெரியும் அண்ணே. நீங்கள் விடாமல் மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சென்சாரில் கட் சொன்னால்? 12வது நிமிடத்தில் 3 நொடி போனால் அதற்குப் பிறகு உள்ள எல்லா எண்ணும் நகரும். பர்ன் பண்ணின பழைய காப்பியின் எண் அன்றிலிருந்து பொய். ஓவர்லே புதிய டைம்லைனோடு தானாக மாறிக்கொள்ளும்.

ராயபுரம் மிக்ஸர்

தானாக மாறிக்கொள்வதுதான் ஆபத்து. பழைய படத்தின் மேலேயே புதிய எண் ஓடினால், கட் ஆன படம் வந்து சேரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. பர்ன் பண்ணும்போது எண்ணுக்குப் பக்கத்தில் காப்பி எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு காப்பியும், எங்கே என்ன மாறியது என்கிற பட்டியலும் வர வேண்டும். அது எடிட்டர் வேலை, தட்டிக்கழிக்க முடியாது.

வியாசர்பாடி டப்பிங்

டப்பிங்குக்கு எண் இல்லாத காப்பி தனியாக வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

தண்டையார்பேட்டை சவுண்டு

எடிட்டரிடம் இப்போதுதான் பேசினேன். புரோரெஸ்ஸில் இரண்டு காப்பி தருகிறார். ஒன்று சுத்தமானது, டப்பிங்குக்கும் இயக்குநருக்கும். இன்னொன்றில் மேல் இடது மூலையில் ரெக்கார்டு எண், வலது மூலையில் சோர்ஸ் எண், நடுவில் காப்பி எண்ணும் தேதியும். இரண்டிலும் தலையிலும் வாலிலும் பாப். ஓவர்லேவை அணைக்கப் போவதில்லை, பர்ன் ஆன எண்ணுக்கு நேர் கீழே வைத்துக்கொள்கிறேன்.

பெரம்பூர் எடிட்டர்

இரண்டு காப்பியும் ஒரே டைம்லைனில் இருந்து, ஒரே நாளில் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். சுத்தமான காப்பியில் ஒரு ஷாட் மாறியிருந்தால் அதை எந்த எண்ணும் காட்டாது.