மட்டக்குதிரைக்குக் 'கம்பளி' பொருந்துமா? 'ரக்' என்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

குதிரை வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். மட்டக்குதிரைக்கு எந்தப் பருவத்தில் 'ரக்' (rug, குதிரையின் உடம்பில் மாட்டும் மூடுதுணி) போடுவது, எப்போது கழற்றுவது என்ற இயலில் வந்து நிற்கிறேன். அகராதியில் பார்த்தால் கம்பளம், விரிப்பு, சமுக்காளம் என்று தரையில் கிடப்பதையே சொல்கிறது. இப்போதைக்குக் 'குதிரைக் கம்பளி' என்று எழுதியிருக்கிறேன். விட்டுவிடலாமா, மாற்றவா?

-----

மறுமொழி:

'போர்வை' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

-----

மறுமொழி:

> 'குதிரைக் கம்பளி' என்று எழுதியிருக்கிறேன்

ஐயா, இதை மாற்றத்தான் வேண்டும். கம்பளி என்றதும் படிப்பவர் மனத்தில் குளிர் வந்துவிடும். 'குளிர்ந்தால் போர்த்து' என்ற பாடமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். மட்டக்குதிரை விஷயத்தில் அது பாதிதான் சரி.

நமக்குக் குளிர்வதை வைத்து அதற்கும் குளிரும் என்று நினைக்கிறோம். மிதமான தட்பவெப்பத்தில் வளர்ந்த நல்ல உடல்நிலையுள்ள குதிரை சுமார் 5 டிகிரி செல்சியஸ் வரை உடம்பைச் சூடாக்கத் தனியாக எதையும் செலவிடுவதில்லை. கடுங்குளிருக்குப் பழகிக் குளிர்கால மயிர் முழுதாக வளர்ந்துவிட்டால், காற்றும் ஈரமும் படாதவரை, மைனஸ் 15 வரைகூடத் தாங்கும். நமக்குப் புல்லரிப்பது போல அதன் மயிரும் சிலிர்த்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். இன்னொரு அடுப்பு வயிற்றுக்குள் எரிகிறது. வைக்கோலும் உலர்புல்லும் பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் கிடைக்கிறது. ஆகவே குளிர் இரவில் முதலில் கூட்ட வேண்டியது உலர்தீவனம்.

மெல்லிய துணியைப் போர்த்தினால் சிலிர்த்த மயிர் படிந்துவிடும். உள்ளே பிடித்து வைத்த காற்றும் போய்விடும். குதிரைக்கு முன்பிருந்ததைவிடக் குளிரவும் கூடும்! பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைக் கொடை என்று கொண்டாடுகிறோம். மயிலிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மட்டக்குதிரையின் உண்மையான எதிரி, காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை. மயிர் நனைந்து படிந்துவிட்டால் அந்தக் காற்றடுக்கு போய்விடும். ஒதுங்க இடமில்லாத வெளியில் நிற்பது, வேலைக்காக மயிர் கத்தரிக்கப்பட்டது, கிழடு, மெலிந்தது, நோயாளி ஆகியவற்றுக்குப் போர்த்தத்தான் வேண்டும். கொழுத்த மட்டக்குதிரைக்கு வேண்டாம். குளிர்காலத்தில் அது கொஞ்சம் இளைப்பது இயற்கை. போர்த்தியே வைத்து அந்த இளைப்பைத் தடுத்தால், வசந்தத்தில் புதுப்புல் வரும்போது ஏற்கெனவே பருத்த உடம்போடு மேயும். அப்புறம் லாமினைட்டிஸ் என்னும் குளம்பு நோயில் கொண்டுபோய் விடும். இந்த அளவுமீறலுக்கும் ஒரு சொல் வேண்டும். 'மிகைப்போர்த்தல்' எனலாம்.

'போர்வை' சொன்ன நண்பருக்கு: போர்வை நழுவும், இது நழுவக் கூடாது. மார்பில் கொக்கி, வயிற்றடியில் குறுக்குப் பட்டைகள், சிலவற்றில் பின்கால் வார். மார்பின் நடுவிலிருந்து பிட்டத்தின் முனை வரை அளந்து வாங்க வேண்டியது. சட்டை மாதிரி தைத்த ஒன்றுக்குப் படுக்கையறைச் சொல் ஒட்டவில்லை.

என் முன்மொழிவு 'போர்த்தி'. இதிலிருந்து வகைகளும் சுலபமாகப் பிறக்கும். வெளியில் மேயும்போது போடும் நீர்புகாத வகை மேய்ச்சற்போர்த்தி. கட்டுத்தறியில் போடுவது லாயப்போர்த்தி, இது மழை தாங்காது. வேலை முடிந்து வியர்த்து நிற்கும்போது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் மென்துணியை 'வியர்வாற்றி' எனலாம். கோடையில் போடும் வலைத்துணி ஈத்தடுப்புப் போர்த்தி. கியூலிகாய்டிஸ் என்ற மிகச் சிறிய பூச்சி கடித்தால் சில மட்டக்குதிரைகளுக்கு ஒவ்வாமை வந்து, பிடரியையும் வால் அடியையும் புண்ணாகும் வரை தேய்த்துக்கொள்ளும். அவற்றுக்கு இந்தப் போர்த்தி கழுத்திலிருந்து வயிற்றடி வரை மூட வேண்டும், பூச்சி மொய்க்கும் அந்தியிலும் விடியலிலும் கட்டாயம் வேண்டும். வலைத்துணியைக் கம்பளி என்று எப்படி எழுதுவீர்கள்?

இரண்டு எச்சரிக்கைகள். 'சுவாசிக்கும் துணி' என்று எழுதிவிடாதீர்கள், துணிக்கு நுரையீரல் கிடையாது. வெளிநீரை விடாமல் உள்ளாவியை விடுவதால் 'ஆவிபோக்கித் துணி' என்றால் போதும். அப்புறம் 'கனமான' என்று மொட்டையாக எழுதினால் குழப்பம். சூட்டைத் தீர்மானிப்பது உள்ளே திணித்த பஞ்சு. ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் இலகு, 200 நடுத்தரம், 300க்கு மேல் கனம். இதைப் 'பஞ்செடை' எனலாம். டெனியர் வேறு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 1,200 டெனியர் என்பது மேல்துணி எளிதில் கிழியாது என்பதைக் குறிக்கும், சூட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. கடையில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நானும் ஒருமுறை டெனியரைப் பார்த்து வாங்கி, பஞ்சே இல்லாத ஒன்றோடு வீடு திரும்பினேன்.

-----

மறுமொழி:

'போர்த்தி' வினையெச்சமும் ஆயிற்றே. 'போர்த்தியைப் போர்த்தி' என்று எழுத வேண்டி வரும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

-----

மறுமொழி:

மூடியும் அப்படித்தான், வடிகட்டியும் அப்படித்தான். 'மூடியால் மூடி' என்று எழுதும்போது யாரும் தடுமாறுவதில்லை. தவிர, இதற்குப் 'போடு', 'மாட்டு', 'கழற்று' என்ற வினைகளே பழக்கத்தில் போதும்.

-----

மறுமொழி (கேட்டவர்):

சரி, 'போர்த்தி' என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'ரக் எனப்படும் போர்த்தி' என்று எழுதிவிடுகிறேன். திருத்திய பத்தி இது:

"இலையுதிர் காலத்தில் அவசரப்பட வேண்டாம். குளிர்கால மயிர் வளர்வதைப் பெரிதும் தீர்மானிப்பது பகல் குறைவது; அது வளர்ந்து முடியட்டும். குளிர்காலத்தில் காற்றோடு மழை வந்தால், பஞ்சில்லாத மேய்ச்சற்போர்த்தி பெரும்பாலான மட்டக்குதிரைகளுக்குப் போதும். போர்த்தியைச் சற்று முன்தள்ளி வைத்துப் பின்னே இழுத்தால் மயிர் தன் போக்கில் படியும். தினமும் ஒருமுறை கழற்றித் தோளிலும் மார்பிலும் உராய்வு இருக்கிறதா என்று பாருங்கள். காதைத் தொட்டுக் குளிரை முடிவுகட்ட வேண்டாம். தோளுக்குப் பின்னே போர்த்திக்குள் கைவிட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் அது மிகைப்போர்த்தல். வசந்தத்தில் இரவுக் குளிருக்குப் போட்டதைக் காலை வெயில் ஏறும் முன்னே கழற்றிவிடுங்கள்."

கழுத்து வரை மூடும் பகுதிக்கு 'கழுத்துறை' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.