“அழற்சிப் புரதம்” போதுமா? தூண்டி, காட்டி என்று பிரிக்கலாமா?

வணக்கம். தமனித் தடிப்பைப் பற்றி எழுதும்போது இன்டர்லியூக்கின்-6 (உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்களில் ஒன்று), சிஆர்பி (சி-எதிர்வினைப் புரதம்) இரண்டையும் “அழற்சிப் புரதம்” என்றே எழுதுகிறோம். அழற்சியை உண்டாக்கும் புரதமா, அழற்சியால் உண்டாகும் புரதமா? சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. முன்னதை அழற்சியூக்கி, பின்னதை அழற்சிச்சுட்டி எனலாமா?

---

> அழற்சியூக்கி

வேண்டாம் ஐயா, வினையூக்கி நினைவுக்கு வரும். அது வினையில் தான் செலவாகாமல் வேகத்தை மட்டும் கூட்டுவது. இங்கே தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கிய பெருவிழுங்கணுக்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) இன்டர்லியூக்கின்-1 பீட்டாவை வெளியிடும்; அது இன்டர்லியூக்கின்-6ஐக் கிளப்பும்; அது ஈரலைச் சிஆர்பி சுரக்க வைக்கும். ஒன்றையொன்று தூண்டும் சங்கிலி. ஆகவே அழற்சித்தூண்டி. சுட்டி கணினி எலியாகிவிட்டது, அழற்சிகாட்டி என்போம்.

பிரிப்பு வீண் நுணுக்கமல்ல. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசியைச் சோதித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களுக்குக் கெட்ட கொழுப்பு இறங்கவில்லை. ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு மூன்றும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. (உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின, அதை விட்டுவிட்டு எழுதக்கூடாது.) சிஆர்பி அப்படியல்ல. மரபணுவால் அது கூடுதலாக உள்ளவர்களுக்கு, அதனாலேயே மாரடைப்பு மிகுவதில்லை.

---

இலங்கையில் தமனியை நாடி என்போம், அது இருக்கட்டும். இன்டர்லியூக்கின்-6ஐயும் இரத்தத்தில் அளக்கிறார்களே, அப்போது அது காட்டியா?

இன்னொன்று: “சி-எதிர்வினைப் புரதம்” என்பதில் “எதிர்” எதற்கு? 1930இல் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் கண்டது, நிமோகாக்கஸ் கிருமியின் சி-பாலிசாக்கரைடோடு (ஒரு சர்க்கரைச் சங்கிலி) வினைபுரிந்து வீழ்படிவாகும் பொருளை. சி-வினைப்புரதம் போதும்.

---

சி-வினைப்புரதம் சரி. இன்டர்லியூக்கின்-6க்கு இரண்டு பெயரும் பொருந்தும். பெயர் பணிக்குத்தான், மூலக்கூறுக்கு அல்ல.

சொல் விளக்கத்தில் சிஆர்பி அளவையும் சேருங்கள். நுண்ணுணர் சிஆர்பி (சிறு அளவையும் காட்டும் சோதனை) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதயநோய் இடர் குறைவு, 3க்கு மேல் மிகுதி. 10ஐத் தாண்டினால் தொற்றோ காயமோ இருக்கலாம். அது ஆறியபின் மறுபடி அளக்க வேண்டும். சில ஆய்வகங்கள் டெசிலிட்டரில் தரும், அங்கே 0.3 என்பதுதான் இங்கே 3. இதைக் கவனிக்காமல் “இயல்பு” என்று படித்துவிடுவார்கள்.

கடைசியாகச் சந்தி. அழற்சியைத் தூண்டுவது இரண்டாம் வேற்றுமைத் தொகை. வழிகாட்டியில் வல்லினம் மிகாததுபோல் இதிலும் மிகாது: அழற்சிதூண்டி, அழற்சிகாட்டி.