நைட்ரஸ் வண்டிக்கு டைமிங் வைத்த அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ஹூஸ்டன் ஃபாக்ஸ்பாடி:

89 மஸ்டாங், 5.0 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன் ஷாட் (நைட்ரஸ் வாயு கூட்டித் தரும் பலம்), வெட் கிட் (வாயுவோடு பெட்ரோலையும் சேர்த்து அடிப்பது). டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே பிளக் பொறி விடுகிறது என்பது; நைட்ரஸ் போட்டால் அதைக் குறைக்க வேண்டும். கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றாமல் இருக்க ஸ்பௌட் கனெக்டரைக் கழற்றிவிட்டு, 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்ற கணக்கில் 10-லிருந்து 6-க்கு இறக்கினேன். எஞ்சினுக்கு முன்னால் சுழலும் பேலன்சர் சக்கரத்தின் டிகிரி கோடுகளில் டைமிங் லைட்டை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் 6. கனெக்டரைத் திரும்பச் செருகிவிட்டு ட்ராக்குக்குப் போனேன்.

நான்காவது ஓட்டம் முடிந்து பிளக்குகளைக் கழற்றினேன். முதல் ஆறும் சரியாக இருந்தன. ஏழாம் நம்பர் பிளக்கைக் கையில் எடுத்தபோது அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். கொஞ்சம் திருப்பி வெயிலில் காட்டினேன், நடுநடுவே வெள்ளிப் பொடி மின்னியது. அது பிஸ்டனின் அலுமினியம். சிலிண்டர் அழுத்தம் (கம்ப்ரஷன்) பார்த்தால் மற்றவை 150 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி இருக்க, ஏழு 90-ஐத் தாண்டவில்லை.

எங்கே தப்பு என்று இரண்டு வாரம் தூக்கமே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மெக்சிகோ பெரியவர் இருக்கிறார். அவர் வந்து எல்லா பிளக்கையும் கழற்றச் சொன்னார். ஒன்றாம் நம்பர் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் கம்பியான பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, எஞ்சினைக் கையாலேயே மெதுவாக முட்டும்வரை சுற்றி பேலன்சரில் ஒரு கோடு போட்டார். எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான ஜீரோ, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், இருக்க வேண்டும். பேலன்சரில் பொறித்திருந்த ஜீரோ அந்த இடத்தில் இல்லை! என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குத் தள்ளி இருந்தது. நடுவில் இருக்கும் ரப்பர் காய்ந்து, வெளி வளையம் சுற்றும் திசையிலேயே முன்னால் நகர்ந்திருக்கிறது. லைட்டில் நான் 6 பார்த்தபோது எஞ்சினுக்குள் 12.

ஸ்கார்பரோ சிவிக்:

அண்ணா, உங்களுடையதை வாசித்ததும் என்னுடையதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் சிவிக்கில் ஹோண்டாவின் பி16 எஞ்சின், சின்ன 50 ஷாட்தான். வழக்கமான 16-இல் 2 குறைத்து 14 வைக்க வேணும். வீட்டு வாசலிலேயே லைட் அடித்தேன். புள்ளி நிற்காமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் பழசு, அதனால் ஆடுது என்று நினைத்து, ஆட்டத்தின் நடுவை 14 என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஓடினேன், ஒரு பிரச்சினையும் இல்லை. அன்று வெளியே 10 டிகிரி, நைட்ரஸ் பாட்டிலின் அழுத்த கேஜ் 600 பிஎஸ்ஐ-க்கும் கீழே, அதனால் நைட்ரஸ் குறைவாகத்தான் போயிருக்கும். அடுத்த ஜூனில் வெயில் 30-ஐத் தொட்டது, கேஜ் 900-க்கு மேல். நைட்ரஸ் பட்டனை அமத்தினதும் எஞ்சினுக்குள் சூடான மணலில் கச்சான் (வேர்க்கடலை) வறுக்கிற சத்தம், நாக்கிங். ஒரு செக்கன் இருக்குமோ என்னவோ, காலை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் கச்சான் வண்டியைக் கடந்தால் என் வலது கால் தானாகப் பின்வாங்கும்.

விஷயம் என்னவென்றால், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற இரண்டு பின் சர்வீஸ் கனெக்டரை நான் இணைக்கவே இல்லை. ஐட்லிங்கைச் சீராக வைக்க கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகினேன். அதுவரை ஆடின புள்ளி ஆணி அடித்ததுபோல நின்றது. பார்த்தால் 19.

டெட்ராய்ட் 350:

ஹூஸ்டன் நண்பரே, பேலன்சர் நகர்ந்தது உண்மைதான். ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. முப்பது வருடத்து ரப்பரை நம்பி, ஜீரோவைச் சரிபார்க்காமல் பாட்டிலைத் திறந்தது நீங்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயம்: ஐட்லிங்கில் மட்டும் லைட் அடித்தேன், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, 3000 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸ் (பொறி முன்கூட்டி விழும் அளவு) நான் நினைத்ததைவிட 5 டிகிரி கூட. நல்லவேளை, பாட்டில் திறக்கும் முன்பே பார்த்துவிட்டேன்.

அப்புறம் எல்லோரும் 50-க்கு 2 என்பதை வேதம் மாதிரி சொல்கிறீர்கள். அது ஆரம்பிப்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காற்றில் எடைக்கு 23 சதவீதம்தான் ஆக்சிஜன், நைட்ரஸில் 36. சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அது பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கூடவே எரிபொருளும் கூடுதலாக உள்ளே போகிறது. எரிதல் வேகமாகிறது. பழைய நேரத்திலேயே பொறி விட்டால் பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய், மேலே வருகிற பிஸ்டனைத் தலையில் அடிக்கும். நன்றாக வடிவமைத்த புது சிலிண்டர் ஹெட்டில் 4 டிகிரி குறைத்தால் போதும் என்ற இடத்தில் பழைய ஹெட்டுக்கு 6 கேட்கும். நைட்ரஸ் அளவு மட்டும் அல்ல, பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்), பாட்டில் அழுத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு.

பிளக் உங்களுக்கு நேரடியாகச் சொல்லும். ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் கடத்தும் வகை) பிளக்கைப் போட்டு, இடைவெளியைக் குறைத்து, ஒரு முழு ஓட்டம் ஓடிவிட்டு அங்கேயே எஞ்சினை அணையுங்கள். ஐட்லிங்கில் ஓட்டிக்கொண்டு வந்தால் தடயம் அழிந்துபோகும். பிளக் நுனியில் இருக்கும் வளைந்த கம்பியில் சூட்டினால் நிறம் மாறிய கோட்டைத் தேடுங்கள். வளைவுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. அடிப்பக்கம், பிளக்கின் திருகு மரையை நோக்கிப் போயிருந்தால் அட்வான்ஸ் அதிகம், உடனே இறக்குங்கள். பல பொறி விடும் இக்னிஷன் பாக்ஸ் வைத்திருந்தால் டயல் திருப்பும் வகை டைமிங் லைட் தவறாகக் காட்டலாம், பேலன்சரில் டிகிரி டேப் ஒட்டிச் சாதாரண லைட்டில் பாருங்கள். முடிந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே வேண்டாம், பட்டன் அமுத்தும்போது மட்டும் டைமிங்கை இறக்கும் பாக்ஸ் வையுங்கள். சாதாரணமாக ஓட்டும்போது வண்டி சோம்பிப் போகாது.

ஸ்கார்பரோ தம்பி, பாட்டிலுக்கு ஹீட்டர் பெல்ட் வாங்கு. குளிரில் அழுத்தம் கூட்ட யாராவது நெருப்புக் காட்டச் சொன்னால் அந்த ஆளைக் கிட்டேயே சேர்க்காதே.

கிள்ளான்:

டெட்ராய்ட் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஹூஸ்டன்காரர் ஏற்கெனவே எஞ்சினைப் பறிகொடுத்துவிட்டு வந்து எழுதுகிறார், ‘நீதான் தப்பு’ என்று தொடங்க வேண்டாமே.

எனக்கு ஒரே ஒரு ஞாபகம். டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியாக வைத்துவிட்டு நட்டை இறுக்கினேன். பட்டறை அங்கிள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘இறுக்கின பிறகு இன்னொரு தடவை அடிச்சுப் பாரு’ என்றார். அடித்தேன். நட்டு இறுகும்போதே டிஸ்ட்ரிபியூட்டரையும் இழுத்து 3 டிகிரி திருப்பியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் தனியாக நின்று மறுபடி தளர்த்தினேன்.

ஹூஸ்டன் ஃபாக்ஸ்பாடி:

டெட்ராய்ட் அண்ணா, நீங்கள் சொன்னதில் வருத்தம் இல்லை. ஜீரோவைப் பார்க்காமல் விட்டது நான்தான். பிளாக் மாற்றிவிட்டேன், புது பேலன்சர், அதில் டேப்பும் ஒட்டியாயிற்று. ஸ்டாப் வைத்து இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் ஜீரோ முள்ளுக்கு நேராக நின்றது. பாட்டில் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது, திறக்கவில்லை. நைட்ரஸ் இல்லாமல் வெறும் 93 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டிவிட்டு வரும்போதெல்லாம் ஏழாம் நம்பரை மட்டும் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.