வளைகாப்புக்கு 200 சாக்லேட்: காம்பவுண்டும் கூவர்ச்சரும் கலந்தா ஏன் நரைக்குது?

கத்திரிவெயில்:
மே 3வது வாரம் மதுரையில வளைகாப்பு. தாம்பூலப் பையில போட 200 சாக்லேட் வேணும்: 100 நட்ஸ், 100 பீடா (குல்கந்து வச்சது). மண்டபத்துல ஏசி கிடையாது. சிலிக்கான் மோல்டு, குழிக்கு 12 கிராம் பிடிக்கும். கிச்சன் தெர்மாமீட்டர் இருக்கு.

ட்ரயலுக்கு டார்க் காம்பவுண்ட் (கோகோ பட்டருக்குப் பதில் வேற கொழுப்பு போட்ட சாக்லேட்) 250 கிராம், டார்க் கூவர்ச்சர் (கோகோ பட்டர் உள்ள அசல் சாக்லேட்) 250 கிராம் சேர்த்து உருக்கினேன். காம்பவுண்ட் மட்டும் போட்டா மெழுகு மாதிரி வாயில ஒட்டுதேன்னுதான் கலந்தது. வந்த கோளாறு எல்லாம் இதோ:

ஃப்ரிட்ஜ்ல 20 நிமிஷம் வச்சும் சரியா இறுகல, எடுக்கும்போது விரல் ரேகை பதியுது. 3வது நாள் சாம்பல் பூத்துடுச்சு. கொஞ்சத்தை தனியா எடுத்து ரோஸ் எசன்ஸ் 4 சொட்டு விட்டதும் அல்வா மாதிரி கட்டியாயிடுச்சு. பீடா சாக்லேட் அடியில மறுநாளே பாகு கசியுது.

எது எதனால? எதை வாங்கிச் செய்யட்டும்?

கோகோபித்தன்:
முதல் ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், அந்தக் கலவை. கூவர்ச்சர்ல இருக்குறது கோகோ பட்டர். காம்பவுண்ட்ல பெரும்பாலும் பாம் கெர்னல் கொழுப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்னு போட்டிருக்கும். இந்த ரெண்டு கொழுப்பும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து படிகமாகாது. தனித்தனியா இருந்தா கெட்டியா நிக்குற ரெண்டும், கலந்தா தனக்குரிய சூட்டை விடக் குறைஞ்ச சூட்டுலயே இளகும். பாதிக்குப் பாதி கலந்தா இறுகாம போறதும், நாள் ஆக ஆகக் கொழுப்பு மேல வந்து நரைக்குறதும் நிச்சயம். காம்பவுண்ட் உருக்கின பாத்திரத்தைச் சரியாத் துடைக்காம அதிலயே கூவர்ச்சர் உருக்குறதைக்கூடத் தவிர்க்கணும்.

நரைச்சதை விரலால தேய்ச்சுப் பாருங்க. எண்ணெய்ப்பசையா உருகி மறைஞ்சா கொழுப்பு பூத்தது. சொரசொரன்னு உலர்ந்து நின்னா சர்க்கரை பூத்தது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் வியர்த்து, அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு திரும்பக் காய்ஞ்சிருக்கும். ரெண்டுமே சாப்பிடலாம், பையில போட்டுக் கொடுக்கத்தான் லாயக்கில்லை.

எசன்ஸ் விஷயம் தண்ணியால வந்தது. உருகின சாக்லேட்ல சர்க்கரையும் கோகோவும் கொழுப்புக்குள்ள உலர்ந்த தூளா மிதக்குது. நாலு சொட்டு தண்ணி போனா தூள் அதைச் சுத்தி ஒட்டிக்கிட்டுக் கட்டும். டபுள் பாய்லர் (சுடுதண்ணிப் பாத்திரத்து மேல இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குறது) ஆவி, ஈரக் கரண்டி, ஜெல் கலர் எல்லாத்துக்கும் இதே கதை. எண்ணெயில கரையுற ஃப்ளேவரும் கலரும்தான் வாங்கணும். கட்டினதைத் தூக்கிப் போடாதீங்க. 100 கிராமுக்கு 2 டேபிள்ஸ்பூன் கொதிக்குற பால் ஊற்றி விடாம கிளறினா சாஸ் ஆயிடும். மோல்டுக்கு ஆகாது, ஐஸ்கிரீம் மேல ஊத்திக்கலாம்.

டெம்பர்_ராணி:
மெழுகு ருசி பிடிக்கலைன்னா முழுக்கக் கூவர்ச்சர்லயே செய்ங்க தோழி. டெம்பரிங் (கோகோ பட்டர் பளபளன்னு கெட்டியா இறுக, உருக்கி, ஆற்றி, திரும்ப லேசா சூடேத்துறது) ஒண்ணும் வித்தை இல்லை. டார்க் 1 கிலோன்னா 700 கிராமை உருக்கி 45–48 டிகிரிக்குக் கொண்டு போங்க. அடுப்புல இருந்து இறக்கி, பாத்திரத்தோட அடி ஈரத்தை முதல்ல துடைச்சிடுங்க. மீதி 300 கிராமைப் பொடியா நறுக்கி மூணு தடவையா சேர்த்து, 28 வரைக்கும் கிளறி இறக்கணும். பிறகு லேசா சூடு காட்டி 31–32. மில்க்னா கடைசிச் சூடு 29–30, ஒயிட்டுக்கு 28–29. கத்தி முனையைத் தோய்ச்சு வைங்க: 5 நிமிஷத்துல பளபளன்னு காய்ஞ்சா பதம் வந்தாச்சு. கோடு கோடா, பிசுபிசுப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் நறுக்கினதைப் போட்டுக் கிளறுங்க. 34 தாண்டினா பதம் போச்சு, மறுபடி 45-ல இருந்து ஆரம்பிக்கணும்.

ரூம் 20–22 டிகிரி இருக்கணும். ஏசி போட்டு அரைமணி நேரம் கழிச்சு வேலையைத் தொடங்குங்க.

கோகோபித்தன்:
செய்றது சரி, கொடுக்குறது எங்கன்னு பாருங்க ராணி அக்கா. நல்லா டெம்பர் ஆன கோகோ பட்டரே 34 டிகிரிக்கு உருகும். மே மாச மதுரை, ஏசி இல்லாத மண்டபம், அதுல தாம்பூலப் பைக்குள்ள தேங்காய் பக்கத்துல! ஊட்டியில ஹோம்மேட் சாக்லேட் கடையில தட்டுல அடுக்கி விக்கிறாங்கன்னா அங்க இருக்குற குளிர் அப்படி.

இந்த நிகழ்ச்சிக்குக் காம்பவுண்ட்தான். அதுவும் 40 டிகிரி வெயில்ல கல்லு மாதிரி நிக்கும்னு சொல்லல, ஆனா கூவர்ச்சரை விடக் கொஞ்சம் கூடுதலாத் தாங்கும். இளகித் திரும்ப இறுகினாலும் கூவர்ச்சர் அளவுக்கு அலங்கோலமாகாது. மெழுகு மாதிரி ஒட்டுறது குறைய, கலக்குறதுன்னா டார்க் காம்பவுண்ட் 2 பங்கு, மில்க் காம்பவுண்ட் 1 பங்கு, ஒரே கம்பெனியோடதா பார்த்துக் கலங்க. மைக்ரோவேவ்ல பாதி பவர், 30 நொடிக்கு ஒரு தடவை கிளறணும். 45 டிகிரிக்கு மேல போக வேண்டாம், ஊத்தும்போது 38–40. டெம்பரிங் தேவையில்லை.

கெட்டியா இருக்குன்னு வெண்ணெய் போட்டுடாதீங்க, அதுல கிட்டத்தட்ட 16% தண்ணி. தேங்காய் எண்ணெய் விட்டா நல்லா இளகும்தான், ஆனா அது 25 டிகிரிக்கே உருகுற எண்ணெய். வெயில் காலத்துல அரை ஸ்பூனுக்கு மேல போனா சாக்லேட்டும் கூடவே இளகும்.

டெம்பர்_ராணி:
மண்டபத்தை மறந்துட்டேன், ஒத்துக்கிறேன். வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் 20 கூவர்ச்சர்ல செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோங்க. ருசிக்கு அது வேற ரகம்.

கத்திரிவெயில்:
சரி, காம்பவுண்டே. பீடா கசிவுக்கு என்ன பண்ண? எவ்வளவு வாங்கணும்?

வெத்தலைக்கொடி:
நட்ஸ் ஒண்ணுக்கு 9 கிராம் சாக்லேட், 3 கிராம் பருப்பு. பீடா ஒண்ணுக்கு 8 கிராம் சாக்லேட் ஓடு, 4 கிராம் பூரணம். ஆக 1,700 கிராம் சாக்லேட். பாத்திரத்துல ஒட்டுறது, உடையறது போக 2 கிலோ வாங்குங்க. பாதாம், முந்திரி 300 கிராம். பச்சையா போடாதீங்க; 150 டிகிரி அவன்ல 10 நிமிஷமோ, சிறுதீயில வாணலியிலயோ வறுத்து முழுசா ஆற விடுங்க. சூட்டோட போட்டா சுத்தியிருக்குற சாக்லேட் இறுகுறதுக்கு நேரமாகும், பருப்போட ஈரம் உள்ள அடைபடும்.

பூரணம் 400 கிராம்: குல்கந்து 220, டெசிகேட்டட் தேங்காய் (உலர்ந்த தேங்காய்த் துருவல்) 160, வறுத்துப் பொடிச்ச சோம்பு 20. குல்கந்தை முதல்ல வடிகட்டியில அரைமணி நேரம் போட்டு, தானா வடியுற பாகை எடுத்துடுங்க. உங்களுக்குக் கசிஞ்சது அந்தப் பாகுதான். வடிஞ்ச பிறகு எடை போடணும். கலந்து ஒரு மணி நேரம் வச்சா மிச்ச ஈரத்தைத் தேங்காய் இழுத்துக்கும். உள்ளங்கையில உருட்டினா கையில பிசுக்கு ஒட்டாம உருண்டையா நிக்கணும், அதான் பதம். ஒட்டினா இன்னும் ஒரு பிடி தேங்காய். துருவின பச்சைத் தேங்காய் கூடவே கூடாது. ஈரத்தோட சேர்ந்து அந்தக் கொழுப்பு சோப்பு வாடை அடிக்கும். பச்சை வெத்தலையும் அரைச்சு ஊத்தாதீங்க. நிழல்ல மொறுமொறுன்னு காய வச்சு நொறுக்கிப் போடலாம்.

சிலிக்கான் மோல்டுல சாக்லேட்டை ஊத்திக் கவுத்து ஓடு செய்ய முடியாது, தொளதொளன்னு இருக்கும். சின்ன பிரஷ்ஷால பூசுங்க. ஒரு பூச்சு, 5 நிமிஷம் ஃப்ரிட்ஜ், மறுபடி ஒரு பூச்சு. வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தா மூலைகள்லயும் மேல் விளிம்புலயும் வெளிச்சம் தெரியும், கசிவு ஆரம்பிக்கிற இடம் அதுதான். அங்க மூணாவது தடவையும் தடவுங்க. பூரணம் ரூம் சூட்டுல இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துச் சில்லுன்னு வச்சா பிறகு விரிஞ்சு ஓடு வெடிக்கும். மேல 2 மில்லிமீட்டர் இடம் விட்டு, விளிம்பைத் துடைச்சுட்டு மூடி ஊத்துங்க. விளிம்புல குல்கந்து ஒட்டியிருந்தா மூடி பிடிக்காது.

ஃப்ரிட்ஜ்ல 10–15 நிமிஷம் போதும்.

டெம்பர்_ராணி:
பேக்கிங்குக்கு ஒண்ணு. ஃபாயில் சுத்துறதை ஏசி ரூம்லயே முடிச்சு, காத்துப் போகாத டப்பாவுல அடுக்குங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து ரெண்டு மணி நேரம் விடுங்க, டப்பா மேல வேர்க்கும், சாக்லேட் வேர்க்காது. பீடாவை ஒரு வாரத்துக்கு மேல முன்னாடியே செய்ய வேண்டாம். நட்ஸ் மூணு வாரம் முன்னாடியே செஞ்சாலும் தாங்கும்.

கத்திரிவெயில்:
குல்கந்து வடிகட்டியில போட்டாச்சு. கால் கிலோவுல கிட்டத்தட்ட மூணு ஸ்பூன் பாகு கீழ நிக்குது, இதை என்ன பண்ண?

வெத்தலைக்கொடி:
சில்லுன்னு பால்ல கலந்து குடிங்க.