மாக்கிங்பேர்ட் யார்? வாசித்தவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:
ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) எனக்குக் கல்லூரிப் பாடமாகத்தான் வந்தது. யாருக்கும் தீங்கு செய்யாமல் பாட மட்டுமே தெரிந்த பறவை, அதைச் சுடுவது பாவம். எனவே அந்தப் பறவை, வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவை வன்புணர்ந்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன். இப்படி எழுதினால் முழு மதிப்பெண். அண்மையில் மறுபடி படித்தபோது நீதிமன்றக் காட்சியைத் தாண்ட முடியவில்லை. மயெல்லாவுக்கு ஏன் கூலியில்லாமல் வேலை செய்தாய் என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறார் டாம். 1930களின் அலபாமாவில், வெள்ளைக்காரப் பெண்மீது ஒரு கறுப்பினத்தவர் இரக்கப்படுவதா? வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்த அவருடைய இடது கை, இடது கையால் அடித்ததுபோல மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் இருந்த காயம், எதுவும் எடுபடவில்லை. பறவை யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. டாம் காட்டினார், அதற்காகவே தண்டிக்கப்பட்டார். அவரை வெறும் பறவையாக்கினால் அந்த வாக்குமூலத்தை எங்கே வைப்பது?

மறுமொழி:
பறவை ஒப்புமை நாவலிலேயே இருக்கிறதே! சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்ட டாமின் சாவைப் பாட்டுப்பறவைகளை வேட்டையாடுவதோடு ஒப்பிட்டு உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட் தலையங்கம் எழுதுகிறார். ஆனால் அவர் கறுப்பினத்தவரை அண்டவிடாத மனிதர் என்பதையும் நாவல் சொல்லிவிடுகிறது. பறவைக்காக வருந்துவது அவருக்குச் சுலபம்.

என்னை உலுக்கியது வேறு இடம். தீர்ப்புக்குப் பிறகு, டாமுக்காக வாதாடிய அட்டிகஸின் மகளும் கதைசொல்லியுமான ஸ்கவுட் ஒரு சின்னப் பூச்சியை நசுக்கப் போகிறாள். அண்ணன் ஜெம் தடுக்கிறான். அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்கிறான், அவ்வளவுதான். இதை என் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது, “தீர்ப்பு சொன்ன பெரியவர்களுக்கு இது தெரியாதா?” என்று கேட்டாள். ஜெம் அழுததும் இதே கேள்வியோடுதான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி:
வாசகர் வட்டத்தில் இதே நாவலுக்காகச் சண்டை போட்டவன் நான். ஸ்கவுட் தன் வாயால் மாக்கிங்பேர்ட் என்று சொல்வது டாமை அல்ல, வீட்டைவிட்டு வெளியே வராத அக்கம்பக்கத்துக்காரர் பூ (Boo) ராட்லியை. ஸ்கவுட்டையும் ஜெம்மையும் தாக்க வந்த மயெல்லாவின் அப்பா பாப் ஈவெல், அவர்களைக் காப்பாற்ற வந்த பூவின் கையால் சாகிறான். தன் கத்தியிலேயே விழுந்து செத்தான் என்று ஷெரிஃப் வழக்கை மூடிவிடுகிறார். பூவை ஊர்முன் இழுத்து நிறுத்துவது மாக்கிங்பேர்டைச் சுடுவது போல என்று ஸ்கவுட்டும் ஒப்புக்கொள்கிறாள். படிக்கும்போது நாமும் நிம்மதியடைகிறோம், நான் உட்பட.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொன்றவருக்கு விசாரணையே இல்லை. தொடாதவருக்கு விசாரணை, சிறை, உடம்பில் 17 குண்டுகள். சட்டத்தை வளைத்தாவது காப்பாற்ற வேண்டிய அப்பாவி என்று அந்த ஊர் ஒரு வெள்ளையரைத்தான் ஏற்கிறது. இதைச் சொன்னதும் வட்டத்தில் ஒருவர், “அட்டிகஸும் அதற்கு உடன்பட்டாரே” என்றார். தயங்கித்தான் உடன்பட்டார், ஆனாலும் உடன்பட்டார்.

தொடங்கியவர்:
இந்தக் கோணம் எனக்குப் புதிது. 2015இல் வெளியான ஹார்ப்பர் லீயின் மற்றொரு நாவலான ‘கோ செட் எ வாட்ச்மேன்’ படித்தவர்களும் எழுதுங்கள். அதில் இனப் பிரிவினைக்குப் பரிந்து பேசும் அட்டிகஸைப் பார்த்துப் பாதியில் மூடிவைத்தேன். இப்போது மீதியையும் படிக்கலாம் என்று தோன்றுகிறது.